பழைய பிக்கப்பின் கரண்ட் கோளாறும் அது பிறந்த வருடமும்

நம்மூர் ஒர்க்ஷாப்பில் "செல்ஃப் எடுக்கல" என்ற வாக்கியத்தைக் கேட்காதவர் குறைவு. அந்த ‘செல்ஃப்’ எங்கிருந்து வந்தது? சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி, 1912 மாடல் கேடிலாக் காரில் வந்த ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’தான் அது. அதுவரை ஆள் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார், அதற்குப் பிறகு வண்டி தன்னைத் தானே கிளப்பிக்கொண்டது. ஆங்கிலச் சொல்லின் பின்பாதியை நாம் உதறிவிட்டு முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சில மாதங்களாக அமெரிக்கப் பிக்கப் வண்டிகளின் பழைய வயரிங் வரைபடங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் இது: பழைய வண்டியில் வரும் கரண்ட் கோளாறு கண்டபடி வருவதில்லை. ஒவ்வொரு காலத்து வடிவமைப்பும் தனக்கே உரிய ஒரு நோயை விட்டுச் சென்றிருக்கிறது. வருடம் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி.

ஆறு வோல்ட் காலம்

ஃபோர்டு நிறுவனம் 1925-இல் மாடல் டி வண்டியிலேயே பிக்கப் தொட்டி வைத்து 281 டாலருக்கு விற்றது. அந்த மாடல் டி-க்கு 1915-இல் மின்சார ஹெட்லைட் வந்தபோது அதற்குப் பேட்டரி கிடையாது. ஃப்ளைவீலோடு சேர்ந்து சுற்றும் காந்தங்கள்தான் கரண்ட் கொடுத்தன. வேகமாகப் போனால் வெளிச்சம், மெதுவாகப் போனால் மங்கல். இன்றைக்கு அதைக் கோளாறு என்போம். அன்றைக்கு அதுதான் இயல்பு.

பிறகு பேட்டரியும் டைனமோவும் எல்லா வண்டிக்கும் வந்தன. ஈய-அமில பேட்டரியில் ஒரு செல் சுமார் 2 வோல்ட். மூன்று செல் சேர்த்து 6 வோல்ட். சிறிய இன்ஜினுக்கு அது போதும். ஆனால் அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

ஸ்டார்ட்டருக்கு 1200 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் அது 200 ஆம்பியர், 12 வோல்ட்டில் 100 ஆம்பியர். துருப்பிடித்த ஒரு இணைப்பில் 0.005 ஓம் தடை இருந்தால், முதல் வண்டியில் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். அதாவது இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. இரண்டாவது வண்டியில் போவது அரை வோல்ட், இருபத்துநான்கில் ஒரு பங்குதான். அதே துரு, அதே இணைப்பு. இழப்பின் விகிதம் மட்டும் நான்கு மடங்கு.

6 வோல்ட் வண்டிக்கு "எடுக்காது" என்ற கெட்ட பெயர் வந்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் யாரோ 12 வோல்ட் வண்டிக்கான மெல்லிய பேட்டரி கேபிளை வாங்கி மாட்டியிருப்பார்கள். வண்டி முக்கி முனகும். பழி பேட்டரி மேல் விழும், புதுப் பேட்டரி வரும், மறுபடியும் முனகும்.

1950-களில் பெரிய வி-8 இன்ஜின்கள் வந்ததும் 6 வோல்ட் தாங்கவில்லை. செவ்ரோலெ 1955-இல் மாறியது, ஃபோர்டு 1956-இல். ஃபோர்டு இன்னொன்றையும் அப்போது மாற்றியது. அதுவரை பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியில் எர்த் செய்திருந்தார்கள், இனி நெகட்டிவ். ஆக 1955 ஃபோர்டு பிக்கப்பில் பழக்க தோஷத்தில் நெகட்டிவை எர்த்தில் மாட்டினால் முழு வண்டியும் தலைகீழ். அதனால்தான் வருடத்தைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள் என்கிறேன்.

எர்த் என்னும் மறந்துபோன பாதி

கரண்டுக்குப் போகிற வழியும் வேண்டும், திரும்புகிற வழியும் வேண்டும். போகிற வழிக்கு வயர் போட்டவர்கள், திரும்புகிற வழிக்கு வண்டியின் இரும்பையே நம்பினார்கள். பாதி வயர் மிச்சம். காரில் இது ஓரளவு சரி. பிக்கப்பின் கதை வேறு. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. கேபினும் ரப்பர் மேல். பின்னால் இருக்கும் லோடு பாடி தனித் துண்டு, சேசிஸோடு போல்ட்டில்தான் உறவு. இந்தத் தீவுகளுக்கு நடுவே பாலமாக இருப்பது சில பின்னல் கம்பிப் பட்டைகளும் போல்ட்டுகளும் மட்டும்தான். நாற்பது வருட மழையும் சேறும் முதலில் தின்பது அவற்றைத்தான்.

பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மின்னுகிறதா? ‘பேய் பிடித்த’ வண்டி என்று சொல்வார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரே பல்புக்குள் பார்க்கிங்குக்கு ஒரு இழை, பிரேக்குக்கு ஒரு இழை. எர்த் அறுந்துபோனால் பிரேக் இழையில் வந்த கரண்ட் திரும்ப வழி தெரியாமல் அடுத்த இழைக்குள் புகுந்து, அந்த வயர் வழியாக ஊர் சுற்றுகிறது. இன்ஜின் எர்த் பட்டை அறுந்திருந்தால் இன்னும் மோசம். ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிக் கருகும்.

டேஷ்போர்டுக்குள் ஒரு தீ

டைனமோவுக்கு ஒரு பலவீனம் உண்டு. வண்டி நின்று ஓடும்போது அது பெரிதாக எதுவும் தராது. சிலிக்கான் டயோடு மலிவானதும் ஆல்டர்னேட்டர் சாத்தியமானது. கிரைஸ்லர் 1960 வேலியன்ட் காரில் அதைக் கொண்டுவந்தது, பிறகு மற்றவர்கள். (நம்மூரில் ஆல்டர்னேட்டரையும் இன்றுவரை டைனமோ என்றே சொல்பவர்கள் உண்டு, சொல் சாகாது.)

கரண்ட் கூடியது. வழி மட்டும் பழையபடியே இருந்தது. 1960, 70-களின் டாட்ஜ் பிக்கப்களில் பேட்டரிக்குப் போகும் சார்ஜ் முழுவதும், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டரைத் தாண்டி, டேஷ்போர்டில் உள்ள ஆம்பியர் மீட்டருக்குள் புகுந்து, அதே கனெக்டர் வழியாக வெளியே வரும். அங்கே இருப்பதோ சின்னத் தட்டை முனைகள். அவை தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் சூடு. சூட்டில் பித்தளை இன்னும் தளரும். முடிவில் பிளாஸ்டிக் உருகும். சில வண்டிகள் எரிந்தே போயின. ஆம்பியர் மீட்டர் முள் நடுங்குகிறது, ஹெட்லைட் போட்டால் ஏதோ கருகும் வாசனை என்றால், இந்தக் காலத்து டாட்ஜில் முதலில் அந்தக் கனெக்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆல்டர்னேட்டரை மாற்றுவது வீண் செலவு. அதைவிடப் பெரிய ஆல்டர்னேட்டர் வைப்பது ஆபத்து.

ஃபோர்டில் வேறு மாதிரி. 1956-க்குப் பிறகு மீட்டர்களுக்கு மட்டும் ஒரு சின்னப் பெட்டி உண்டு; உள்ளே இரு உலோகப் பட்டை சூடாகி வளைந்து கரண்டை விட்டு விட்டு அனுப்பி, சராசரியாக 5 வோல்ட் தரும். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நாளில் சேர்ந்து பொய் சொன்னால் குற்றவாளி டேங்க் அல்ல, அந்தப் பெட்டி.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

பலர் மல்டிமீட்டரை "பீப்" சத்தத்தில் வைத்து, சத்தம் வந்தால் வயர் நல்ல வயர் என்று முடிவு செய்கிறார்கள். இருபது இழையில் பத்தொன்பது அறுந்தாலும் பீப் வரும். அந்த ஒற்றை இழை 100 ஆம்பியரைச் சுமக்குமா?

சுமை இருக்கும்போது அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் குமிழில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். 12 வோல்ட் வண்டியில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. அதேபோல் பாசிட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையே. அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிறகு ஒவ்வொரு இணைப்பாக நகருங்கள். வோல்ட் எங்கே தொலைகிறதோ அங்கேதான் துரு. வயர் பிரஷ், ஒரு புதுப் பட்டை, கொஞ்சம் கிரீஸ். பெரும்பாலும் செலவு அவ்வளவுதான்.

"வயரிங் பழசாயிடுச்சு, மொத்தமா மாத்தணும்" என்ற ஒரு வாக்கியத்தால் ஓடக்கூடிய எத்தனையோ வண்டிகள் காயலான் கடைக்குப் போகின்றன. செம்பு அத்தனை சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவது முனைகள், மனிதக் கை சேர்த்து வைத்த இடங்கள். அதனால் புது பாகம் வாங்கப் போகும் முன் ஒரு தாளில் மூன்றே வரி எழுதிக்கொள்ளுங்கள்: வண்டியின் வருடம், பேட்டரியின் எந்த முனை எர்த், முன்னால் வைத்திருந்தவர் எதை எதை மாற்றினார். மூன்றாவது வரிக்குப் பதில் எந்த வரைபடத்திலும் இருக்காது. வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க வேண்டும்.