அல்லித் தொட்டியில் வந்த ஜெல்லிமீன்

1880 ஜூன் மாதம் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில், ராயல் பொட்டானிக் சொசைட்டியின் கண்ணாடிக் கூடத்தில் ஒரு வெந்நீர்த் தொட்டி. அமேசானின் ராட்சத அல்லியான விக்டோரியாவுக்காகவே அதைச் சூடாக வைத்திருந்தார்கள். சங்கத்தின் செயலாளர் வில்லியம் சவர்பி ஒருநாள் பார்த்தால், தண்ணீரில் விரல்நகம் அளவுக் கண்ணாடிக் குடைகள் மேலே எழும்புவதும் மெல்ல இறங்குவதுமாக இருக்கின்றன. ஜெல்லிமீன்! அதுவும் உப்பே இல்லாத தண்ணீரில்.

அதே மாதத்தில் அதற்கு இரண்டு பெயர்கள் வைத்தாகிவிட்டது. ரே லங்கெஸ்டர் ‘கிராஸ்பெடகஸ்டா சவர்பி’ என்றார். லின்னேயன் சங்கத் தலைவர் ஆல்மன் ‘லிம்னோகோடியம்’ என்றார். சில ஆண்டுகள் ஆல்மன் தந்த பெயரே புழங்கியது. கடைசியில் முதலில் அச்சேறியதற்கே உரிமை என்ற விதிப்படி லங்கெஸ்டரின் பெயர் நின்றது. பெயரைவிடப் பெரிய சண்டை குலத்தைப் பற்றியது. விளிம்பிலுள்ள சமநிலை உறுப்புகளை வைத்து, இது டிராக்கிமெடூசாக்கள் என்ற ஜெல்லிமீன் குழுவின் உறவு என்றார் லங்கெஸ்டர். ஆல்மனுக்கு அதில் உடன்பாடில்லை. லெப்டோமெடூசாக்கள் என்ற இன்னொரு குழுவின் சாயலும் தெரிகிறதே என்றார்.

சண்டையைத் தீர்த்திருக்க வேண்டிய கண்டுபிடிப்பு அதைச் சிக்கலாக்கியதுதான் வேடிக்கை. லங்கெஸ்டரின் மாணவர் ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன் 1884இல் அதே தொட்டியில் இதன் இன்னொரு உருவத்தைக் கண்டார்: செடி வேரில் ஒட்டிக்கொண்டிருந்த பாலிப். (இவரேதான் பிறகு சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர்.) பள்ளிப் புத்தக ஹைட்ராவின் கைகளை எல்லாம் வெட்டிவிட்டால் எப்படியோ அப்படி, ஒரு மில்லிமீட்டர் அளவுக் குழாய், உச்சியில் வாய், அவ்வளவே. டிராக்கிமெடூசாக்களுக்குப் பாலிப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே மெடூசா, அதாவது ஜெல்லிமீன் உருவம்தான். அப்படியானால் இது எந்த வீட்டுப் பிள்ளை?

அமெரிக்காவில் இன்னொரு குழப்பம். ஃபிலடெல்ஃபியா பக்கத்து ஓடையில் எட்வர்ட் பாட்ஸ் கண்டெடுத்த இதே பாலிப்புக்கு ‘மைக்ரோஹைட்ரா’ என்று தனிப்பெயர். பிள்ளைக்கு ஒரு பெயர், தாய்க்கு ஒரு பெயர் என்று இரண்டும் வெகுகாலம் வேறு வேறு பதிவேட்டில் கிடந்தன.

இந்தப் பாலிப் செய்வதெல்லாம் சாவகாசமாகத்தான். உடலில் முளை விட்டு, அதைப் புழுப்போல் நகரும் துண்டாக உதிர்க்கும். அது நகர்ந்துபோய் வேறிடத்தில் ஒட்டி இன்னொரு பாலிப் ஆகும். குளிர் வந்தால் சுருங்கி உறைக்குள் உறங்கும். தண்ணீர் சூடேறினால்தான் மெடூசாவை முளைவிடும். புறப்படும்போது அது ஒரு மில்லிமீட்டர், எட்டே உணர்கொம்புகள். வளர்ந்தால் இரண்டு சென்டிமீட்டர், நூற்றுக்கணக்கான உணர்கொம்புகள். ஓர் ஏரியில் நீந்துபவை பெரும்பாலும் ஒரே பாலாக இருப்பதற்கும் காரணம் இதுவே: எல்லாம் ஒரே பாலிப் வழியின் நகல்கள். சில கோடைகளில் கூட்டமாய்த் தெரிந்து, பிறகு பல வருடம் கண்ணில் படாமல் போவதும் மெடூசா முளைக்கச் சூடு வேண்டியிருப்பதால்தான். பாலிப் எங்கும் போவதில்லை, கல்லடியில் இருக்கிறது. சீனத்தின் யாங்சி படுகையிலிருந்து அது உலகம் சுற்றியதும் நீர்ச்செடிகளில் ஒட்டியபடிதான் என்று கருதப்படுகிறது.

எந்தக் கட்டத்திலும் அடங்காத இத்தகைய உயிரினங்களுக்காக டேனிஷ் விலங்கியலாளர் கிராம்ப் 1938இல் தனி வரிசையே வகுத்தார்: லிம்னோமெடூசா. பெயரிலுள்ள ‘லிம்னோ’ ஏரியைக் குறித்தாலும் இவற்றில் கோனியோனீமஸ், ஒலிண்டியாஸ் போன்ற கடல்வாசிகளும் உண்டு. நன்னீர் உறவுகளும் சில உண்டு: ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் லிம்னோக்னிடா, நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் 1910களில் அனண்டேல் விவரித்த லிம்னோக்னிடா இண்டிகா.

இந்த நூற்றாண்டின் மரபணு ஒப்பீடுகள் இந்த வரிசையை டிராக்கிமெடூசாக்களின் பெருங்குலமான டிராக்கிலினாவில் சேர்த்துவிட்டன. லங்கெஸ்டரின் ஊகம் சரி. லிம்னோமெடூசாக்கள் அந்தக் குலத்தின் அடிக்கிளையில் இருப்பதால், பாலிப் புதிதாக இவற்றுக்கு வந்ததல்ல, டிராக்கிமெடூசாக்கள்தாம் அதைத் தொலைத்துவிட்டன என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.