போர் ஆழமா போட்டா தண்ணி சுத்தமா வருமா? பாறைக்குள் குரோமியம் நகர்வது எப்படி?

"மேல் தண்ணி கெட்டுப்போச்சு, இன்னும் ஆழமா போட்டா நல்ல தண்ணி வரும்." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீடு கட்டுறவங்க இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தொழிற்பேட்டைகளை ஒட்டிய பகுதிகளில் இதை அப்படியே நம்ப முடியாது. காரணம் தெரிய ராணிப்பேட்டையைப் பார்க்கணும்.

ராணிப்பேட்டையில் நடந்தது என்ன?

பூந்தமல்லியில் இருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 2 மணி நேரப் பயணம். அங்கே 1970-களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, குரோமிய ரசாயனங்களைத் தயாரித்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு இவை தேவை. 1990-களில் ஆலை மூடப்பட்டது. ஆனால் லட்சக்கணக்கான டன் கழிவு அங்கேயே கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கியது.

பாறைக்குள் எப்படிப் போகுது?

கெட்டியான பாறையில் தண்ணீர் ஓடுவது விரிசல்களில்தான். விரிசலின் அகலம் 2 மடங்கானால், அதில் ஓடும் நீர் சுமார் 8 மடங்காகும். அதனால்தான் ஒரு வீட்டு போரில் மாசு இருக்கும், பக்கத்து வீட்டு போரில் இருக்காது. இரண்டும் வேறு வேறு விரிசலில் இருந்து தண்ணீர் எடுக்கலாம்.

எல்லா உலோகமும் ஓடுமா?

இல்லை. ஈயம், மூன்று இணைதிற குரோமியம் போன்றவை பெரும்பாலும் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிற குரோமியம் அப்படி இல்லை. அது நீரில் எதிர்மின் அயனியாகக் கரைகிறது. களிமண்ணின் மேற்பரப்பும் எதிர்மின் தன்மை கொண்டது. அதனால் பெரிதாக ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும். புற்றுநோய் ஆபத்து உள்ளதும் இந்த வகைதான்.

சுத்தம் செய்வது ஏன் கஷ்டம்?

விரிசலில் ஓடும் மாசு, இரு பக்கப் பாறையின் நுண்துளைகளுக்குள்ளும் மெல்லப் புகுந்துவிடும். விரிசலில் இருக்கும் நீரை இறைத்துவிட்டாலும், உள்ளே இருப்பது பல ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும்.

மேற்கு சென்னைக்கு என்ன பாடம்?

இங்கு பாறைக்கு மேல் மண், களிமண் அடுக்குகள் உண்டு. ஆனால் கேசிங் பைப்பைச் சுற்றி சரியாக அடைக்காத போர், மேல் மாசு நேராகக் கீழே இறங்க வழியாகிவிடும்.

என்ன செய்யணும்?

குடிநீரில் மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நிறம், ருசி மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது. ஆய்வகத்தில் தண்ணீர் கொடுக்கும்போது, உப்பு, கடினத்தன்மையோடு கன உலோகப் பரிசோதனையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.