கானாவிலிருந்து கானாவுக்கு

1927 ஜூன் 30 அன்று, அப்போது கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட இன்றைய கானாவில், க்பேவே என்ற ஊரில் 28 வயது இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். பெயர் அசிபி. ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த மருத்துவர் மஹாஃபி, அவரிடமிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தார். வந்திருந்தது மஞ்சள் காய்ச்சல். லேசாகத்தான் வந்தது, அசிபி பிழைத்துக்கொண்டார். அன்று ரத்தத்தோடு வெளியே வந்த வைரஸின் வம்சம் இன்றும் அறுபடவில்லை.

அந்த வைரஸை எந்த உயிரில் வளர்ப்பது என்பதுதான் அன்றைய சிக்கல். ஆப்பிரிக்கக் குரங்குகளை இந்த நோய் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போனது. அசிபியின் ரத்தத்தை ஒரு ரீசஸ் குரங்குக்கு ஏற்றினார்கள். வட இந்தியக் கோயில் வாசல்களில் தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அந்த இனம். சில நாட்களில் குரங்கு செத்தது. ஆசியாவில் பிறந்த உடம்புக்கு இந்தக் கிருமி எவ்வளவு புதியது என்று அந்தச் சாவு காட்டியது. அதன் முக்கியத்துவம் பிறகு வரும்.

ஆராய்ந்தவர்களையும் நோய் விடவில்லை. குழுவில் இருந்த அயர்லாந்துக்காரர் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். மஞ்சள் காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியா என்று வாதிட்டுவந்த ஜப்பானிய விஞ்ஞானி ஹிடேயோ நொகுச்சி, அதைச் சரிபார்க்க அக்ராவுக்கே வந்தார். 1928 மே மாதம் அதே காய்ச்சலில் போனார். அங்கே அவருக்கு உதவிய வில்லியம் யங் அடுத்த சில நாட்களில் இறந்தார். நொகுச்சியின் முகம் பின்னாளில் ஜப்பானின் 1,000 யென் நோட்டில் வந்தது. அசிபியின் பெயர் ஆய்வுக்கூடத்து வைரஸுக்கு வைக்கப்பட்டதோடு சரி.

நியூயார்க்கில் அந்த வைரஸ் மேக்ஸ் தைலர் கைக்கு வந்தது. பிரிட்டோரியாவில் பிறந்தவர், ஆய்வின்போது தானும் மஞ்சள் காய்ச்சல் வந்து பிழைத்தவர். முதலில் எலிக் கருவின் திசுவிலும், பிறகு கோழிக் கருவிலும், கடைசியில் மூளையையும் தண்டுவடத்தையும் நீக்கிய கோழிக் கருவிலுமாக அவரது குழு வைரஸை மாற்றி மாற்றி வளர்த்தது. நூறு முறைக்கு மேல் இப்படி இடம் மாறியதில், 89ஆவது முறைக்கும் 114ஆவது முறைக்கும் நடுவில் எங்கோ அது தன் கொடுமையை விட்டுவிட்டது. அது நடந்தபோது யாருக்கும் தெரியவில்லை. அதே வழியில் மறுபடி செய்து பார்த்தபோது அந்த மாற்றம் வரவும் இல்லை. 17டி என்று பெயரிட்ட அந்த வைரஸ் பற்றிய செய்தி 1937இல் வெளியானது. தைலருக்கு 1951இல் நோபல் பரிசு. உலகில் இன்று போடப்படும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாமே அந்த ஒற்றைத் தற்செயலின் வாரிசு. அதனால் மருந்து செய்பவர்கள் மூல விதையைப் பூட்டி வைத்து, அதிலிருந்து சில படிகளுக்கு மேல் வளர விடுவதில்லை. வளர விட்டால் அது வேறொன்றாகிவிடலாம்.

பிரேசில் உடனே இலட்சக்கணக்கானோருக்குப் போட ஆரம்பித்தது. 1942இல் அமெரிக்க ராணுவத்தில் பெரிய அடி விழுந்தது. மருந்தைக் கெடாமல் வைக்க மனித ரத்தத்தின் சீரத்தைக் கலந்திருந்தார்கள். அதில் கல்லீரல் அழற்சிக் கிருமி இருந்தது. ஏறக்குறைய 50,000 வீரர்களுக்கு மஞ்சள் காமாலை. சீரம் கலப்பதை நிறுத்தினார்கள்.

இன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதலோடு இதைச் செய்பவர்கள் நாலே பேர்: செனகலில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், பிரான்ஸில் ஒருவர், ரஷ்யாவில் ஒருவர். முறை இன்னும் தைலர் காலத்துக் கோழி முட்டைதான். கருவுற்ற முட்டையில் வைரஸை ஏற்றி, சில நாள் அடைகாத்து, கருவை எடுத்து அரைத்து, தெளியவைத்து, உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். நோய் திடீரென்று பரவினால் உற்பத்தியை இரட்டிப்பாக்க முடியாது. முட்டைக்குக் காத்திருக்க வேண்டும். முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டியதும் இதனால்தான்.

பொடி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் கண்டம் தாண்டி வருகிறது. சென்னையில் அது வந்துசேரும் இடங்களில் ஒன்று கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். கானாவில் பள்ளிக்கூடத்திலோ சுகாதார நிலையத்திலோ ஓராண்டு தொண்டு செய்யக் கிளம்பும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணோ பையனோ அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான் கையை நீட்ட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் பக்கத்துக் கிளினிக்கில் போட்டுக்கொள்ளும் ஊசியல்ல இது. ஊசி போட்டதற்கான பன்னாட்டுச் சான்றுதான் மஞ்சள் அட்டை; அரசு அனுமதித்த மையத்தின் முத்திரை இல்லாவிட்டால் அது செல்லாது. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். அதனால் பல மையங்கள் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஆள் சேர்த்துப் போடுகின்றன. அட்டை ஊசி போட்ட பத்தாம் நாள்தான் உயிர் பெறும். டிக்கெட் எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் நிறைய.

டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, வெறிநாய்க்கடி, கானாவின் வட பகுதிக்குப் போனால் மூளைக்காய்ச்சல் என்று மற்ற ஊசிகளும் உண்டு. மலேரியாவுக்கு மாத்திரையும் வலையும். அவை போகிறவரின் உடம்புக்காக. மஞ்சள் அட்டை மட்டும்தான் அக்ரா விமான நிலையத்திலும் கேட்கப்படும், திரும்பும்போது சென்னை விமான நிலையத்திலும் கேட்கப்படும். போகும் ஊரில் அந்த நோய் இருக்கிறது. நம் ஊரில் இல்லை. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசு, அதாவது டெங்கு கொசு, நம் வீட்டு மாடியில் உடைந்த வாளியில் வளர்கிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாத கோடிக்கணக்கானோர் அந்தக் கொசுவுக்கு அடியில் தூங்குகிறோம். அட்டை இல்லாமல் அங்கிருந்து வருபவரை இந்தியா ஆறு நாள் வரை தனியே வைக்கிறது. கடித்த கொசுவின் கிருமி காய்ச்சலாக மாற அவ்வளவு நாள் வரை ஆகலாம். அந்த ரீசஸ் குரங்கின் நிலைதான் நமக்கும். தொண்டு செய்யப் போகும் பிள்ளைகளிடம் இந்த ஊசி உன் பாதுகாப்புக்கு என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அதைவிடப் பெரிய பங்கு, அவர்கள் திரும்பி வரும் தெருவுக்கு.

இது வெறும் பயம் அல்ல. 2016இல் அங்கோலாவில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய சீனர்கள் 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் உறுதியானது. ஆசியாவில் உறுதி செய்யப்பட்ட முதல் நோயாளிகள் அவர்கள். நல்ல வேளை, அங்கிருந்து பரவவில்லை.

அதே அங்கோலா நோய் பக்கத்துக் காங்கோவுக்குப் பரவியபோது, உலகக் கையிருப்பு போதவில்லை. தலைநகர் கின்ஷாசாவில் முழு அளவான 0.5 மில்லியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் போட்டார்கள். ஒரே மாதத்துக்குள் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு. நோயைத் தடுக்க அது போதுமானதாக இருந்தது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு போட்டுக்கொண்டவருக்குப் பன்னாட்டு மஞ்சள் அட்டை கிடையாது. அதே 2016 ஜூலையில்தான் பத்தாண்டு என்றிருந்த அட்டையின் காலக்கெடு ஆயுள் முழுவதுக்குமாக மாறியது. ஆனாலும் கின்ஷாசாக்காரர் வெளிநாடு கிளம்பினால் வரிசையில் நின்று முழு அளவு மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.