எடின்பரோவின் பிரேத வியாபாரம்

வைத்திய சாஸ்திரத்தில் கீர்த்தி பெற்றிருந்த எடின்பரோ நகரத்தில், உடற்கூறு ஆசிரியர்கள் பிரேதங்களுக்கு ரொக்கம் கொடுக்கக் காத்திருந்த காலத்தில், வில்லியம் பர்க் என்ற ஐரிஷ் கூலியாளும் அவன் தோழன் ஹேரும், வாடகை பாக்கியோடு இயற்கையாக மாண்ட ஒரு கிழவரின் சடலத்தை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் கூடத்துக்கு 7 பவுன் 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். பணத்தின் ருசி கண்டபின் மரணத்துக்காகக் காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. நாதியற்ற ஏழைகளைச் சிநேகமாக அழைத்து வந்து, விஸ்கி ஊற்றி மயக்கி, ஒருவன் மார்பின்மேல் அழுந்திக் கிடக்க, மற்றவன் வாயையும் மூக்கையும் பொத்த, காயமொன்றும் தெரியாத சடலங்களாக 1828-க்குள் 16 பேரை முடித்தார்கள். வீதியெல்லாம் அறிந்த பேதைப்பிள்ளை ஜேமியும் அவர்களில் ஒருவன். நாக்ஸின் கூடத்தில் ஒருவரேனும் துணிந்து கேட்டிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்!

பிடிபட்டபின் ஹேர் அப்ரூவராகித் தப்பினான். பர்க் 1829 ஜனவரி 28-ல் பெருங்கூட்டத்தின் முன்னே தூக்கிலிடப்பட்டான். தீர்ப்பின்படி அவன் உடலும் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உரிமை கோராத சடலங்களை வைத்தியப் பள்ளிகளுக்கு அளிக்கும் சட்டம் 1832-ல் வந்தது. விலை கொடுத்து வாங்கிய நாக்ஸ்மீது வழக்கே தொடரப்படவில்லை; அது நீதியாகாது.