தொட்டிக்கரி போன தூரம்

காங்கயத்துத் தேங்காய்க் களங்களில் ஓட்டுக்குப் பெயர் தொட்டி. சென்னைக்காரருக்குக் கொட்டாங்குச்சி, நாஞ்சில் நாட்டாருக்குச் சிரட்டை. தேங்காயை உடைத்து வெயிலில் போட்டால் பருப்பு கழன்று கொப்பரையாகும். மிஞ்சுவது தொட்டி. அகப்பைக்கும் அடுப்புக்கும் ஆகிக்கொண்டிருந்த அது இன்று லாரி லாரியாக விலைக்குப் போகிறது.

முதலில் குழி. தொட்டியைக் கொட்டித் தீவைத்து, பற்றியதும் காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். எரிந்துவிடவும் கூடாது, அணைந்துவிடவும் கூடாது. உள்ளேயே வேக வேண்டும். வெந்து முடிந்தால் மூன்று டன் தொட்டி ஒரு டன்னுக்குள் சுருங்கியிருக்கும். மற்றதெல்லாம் புகை, தார், ஃபீனால். கரியை ஆற்றத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் வேறெங்கே போகும்? கிணற்று நீர் நிறம் மாறிவிட்டது, நாறுகிறது என்று காங்கயம் வட்டார விவசாயிகள் கரிச்சூளைகளை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். ஊர் ஊராகத் தண்ணீரைச் சுத்தம் செய்யக் கிளம்பும் பொருள், பிறந்த ஊர்க் கிணற்றைக் கெடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறது. ஏற்றுமதி விளம்பரத்தில் இதைப் போடமாட்டார்கள்.

அடுத்தது ஆலை. சுழலும் உலையில் 900 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டில் கரிமேல் நீராவி பாய்ச்சுகிறார்கள். நீராவி கரியைக் கறையான்போல அரித்து உள்ளுக்குள் துளை போடுகிறது. எடையில் பாதிக்குமேல் வாயுவாகப் போய்விடும். எஞ்சும் கருங்குருணைதான் ஆக்டிவேட்டட் கார்பன். அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. ஒரு கிராம் குருணையின் உட்சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் கால் ஏக்கர். ஒரு சிட்டிகைக் கரிக்குள் 25 சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது!

நம் வீடுகளில் பானைக்குள் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்கள். மிதக்கும் மண்ணைத் திரட்டி அடியில் படியவைக்கும் வித்தை அது. கரைந்துவிட்ட பென்சீனையோ டொலுயீனையோ அது ஒன்றும் செய்யாது. அங்கேதான் கரி வேண்டியிருக்கிறது. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல அது குடிப்பதில்லை. தண்ணீரோடு மனமொப்பாமல் திரியும் கரிம மூலக்கூறுகள் துளைக்குள் நுழைந்து சுவரில் ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். தண்ணீரோடு ஒட்டி உறவாடும் மெத்தனால் போன்றவை பெரும்பாலும் நழுவிவிடும். வியாபாரத்திலோ கேள்வி ஒன்றே ஒன்று: அயோடின் நம்பர் எவ்வளவு? ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்பது கணக்கு. ஆயிரம் என்றால் நல்ல சரக்கு.

பிறகு கப்பல். தானாகவே சூடேறக்கூடிய சரக்கு என்று கரியைக் கப்பல் விதிகள் தனியாகவே குறித்துவைத்திருக்கின்றன. கரி போய் இறங்கும் சிங்கப்பூரில், 2022 செப்டம்பரில் முறைப்படி திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் பெட்டிகளைச் சுமப்பவை ஓட்டுநர் இல்லாத வண்டிகள். பெட்டியைத் திறந்து மூட்டையைத் தூக்குவதற்குத்தான் இன்னும் ஆள் வேண்டும்.

துவாஸ் சிங்கப்பூரின் மேற்குக் கோடி. பெரும்பகுதி கடலைத் தூர்த்து எடுத்த நிலம். தேக்காக் கடைத்தெருவில் ஞாயிற்றுக்கிழமை நாம் பார்க்கும் தொழிலாளர் முகங்களில் பல, திங்கள் காலை இங்கேதான் இருக்கும். இங்குள்ள ஆலைகள் கழிவுநீரை அப்படியே சாக்கடையில் விட்டுவிட முடியாது. வேதிப்பொருள்கள் தின்னும் ஆக்சிஜனைக் கொண்டு அளக்கும் சிஓடி லிட்டருக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரைப்பான்களுக்குத் தனிக் கண்காணிப்பு உண்டு. காரணம் எளிது: பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் ஆக்கும் ஊர் இது. துவாஸ் நீர் மீட்பு நிலையத்துக்குத் திட்டமிட்ட அளவு நாளொன்றுக்கு 8 லட்சம் கன மீட்டர். அதில் 1.5 லட்சம் தொழிற்சாலைக் கழிவுநீருக்கென்றே ஒதுக்கியது. கரைப்பான் கலந்த கழிவுநீர் ஆலையைவிட்டு வெளியேறும் முன் பல இடங்களில் அதைக் கடைசியாகத் தொடுவது கரித்தொட்டிதான். தேங்காய்த் தொட்டி இரும்புத் தொட்டிக்குள் வந்து சேர்ந்தாயிற்று.

காங்கயத்தில் புகையாகப் போன அதே ஃபீனாலைக் கரி இங்கே பிடித்துவைக்கிறது. ஆனால் கால் ஏக்கரும் ஒருநாள் நிரம்பும். அப்போது குருணையை மாற்ற ஆள் உள்ளே இறங்க வேண்டும். ஈரக் கரி மூடிய தொட்டிக்குள் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும்; அங்கே நிற்கும் காற்றுக்கு வாசனையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அதனால்தான் ‘கன்ஃபைன்ட் ஸ்பேஸ்’ பெர்மிட், வாயு அளவுமானி, வாயிலில் கண்ணெடுக்காமல் நிற்கும் ஒருவர். மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக்கூடாது. பிறந்த இடத்தில் கரி காட்டிய கோபத்தை இங்கேயும் காட்டாமலிருக்க இத்தனை ஏற்பாடு.

வெளியே வந்த கரிக்கு இரண்டு வழி. ஒன்று எரிஉலை: பிடித்தது, பிடிபட்டது இரண்டுமே எரியும். இன்னொன்று மறுபடியும் சூளை: சூட்டில் அழுக்கு கழன்று எரிய, துளைகள் திறந்துகொள்ளும். ஒவ்வொரு சூட்டிலும் கரி கொஞ்சம் தேயும். நூறு மூட்டை போனால் தொண்ணூற்றுச் சொச்சம்தான் திரும்பும். காங்கயமோ பிலிப்பைன்ஸோ, குருணையைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது. குறைந்த மூட்டைகளுக்கு அடுத்த ஆர்டர் போகிறது, எங்கோ ஒரு குழியில் தீ வைக்கிறார்கள்.