மலைச்சரிவில் ஒரு மனை: மினற் டி சில்வாவின் கண்டி வீடு

குருணாகலிலிருந்து கண்டிக்குச் செல்லும் வீதி கலகெதரவில் மலையேறுகின்றது. கண்டி இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்றாக விளங்கிய இடம் இது. 1803ஆம் ஆண்டிலே கண்டியை நோக்கி முன்னேறிய ஆங்கிலேயப் படையினர், கலகெதர, கிரிஹாகம ஆகிய இடங்களிலிருந்த காவலரண்களைக் கைப்பற்றியே மேற்செல்ல வேண்டியிருந்தது. அன்று மலைச்சரிவு நாட்டின் அரணாயிருந்தது. 1815இல் கண்டி வீழ்ந்த பின்னர் அதே மலை ஆட்சியாளருக்கு இளைப்பாறுமிடமாயிற்று. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1820களில் கண்டியில் எழுப்பிய மாளிகை இதற்குத் தக்க சான்றாகும். இத்தகைய மனைகள் மலையின் குளிர்ச்சியை நாடினவேயன்றி, அம்மண்ணின் கலைமரபை நாடினவல்ல.

சுதந்திரத்தின் பின்னர் இந்நோக்கு மாறியதை உணர விரும்புவோர், கண்டி நகரின் மலைச்சரிவொன்றில் அமைந்துள்ள கருணாரத்ன இல்லத்தை நோக்குதல் தகும். 1949க்கும் 1951க்கும் இடையில் எழுந்த இவ்வீடு, மினற் டி சில்வாவின் முதற் படைப்பாகும். 1918இல் கண்டியிற் பிறந்த இவர், பம்பாயிலும் இலண்டனிலும் கட்டடக்கலை பயின்றார். பிரித்தானியக் கட்டடக்கலைஞர் அரச நிறுவனத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் இவரே. உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கோபுசியேயின் நட்பையும் பெற்றிருந்தார்.

சரிவை வெட்டிச் சமதளமாக்காது, அதன் போக்கிற்கேற்பப் பல தளங்களாக இவ்வீடு இறங்கிச் செல்கின்றது. கொங்கிறீற்றும் கண்ணாடியும் நவீன காலத்தை உணர்த்துகின்றன. கதவுகளிற் பதிக்கப்பட்ட தும்பறைப் பாய்களும், நடன உருவங்கள் பொறித்த சுடுமண் ஓடுகளும், ஜோர்ஜ் கீற் தீட்டிய சுவரோவியமும் நாட்டின் மரபை உணர்த்துகின்றன. இவை வெறும் அலங்காரங்களல்ல. அந்நியராட்சியிற் கண்டிக் கைவினைஞர் தம் புரவலரை இழந்து நலிவுற்றமையை, ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல் வருத்தத்துடன் எடுத்துக்காட்டியது. கைவினைப் பொருளை நூதனசாலையில் வைப்பதனால் அக்கலை வாழாது. கைவினைஞனுக்கு வேலை கிடைத்தாலே அது வாழும். இவ்வுண்மையை மினற் செயலிற் காட்டினார். தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் அருவ மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே அப்பாய்க்கு நவீன வீட்டினுள் இடமளித்தவர் இவர்.

எனினும், இலங்கையின் புதிய கட்டடக்கலை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஜெப்ரி பாவாவின் பெயரையே முதலிற் கூறுவர். பாவாவின் சிறப்பு மறுக்கற்பாலதன்று. ஆனால் அவர் கட்டடக்கலைஞராகத் தகுதிபெற்றது 1957இலேயே. கருணாரத்ன இல்லம் அதற்கு ஆறாண்டுகள் முந்தியது என்பது மனங்கொள்ளத்தக்கது. பிறநாட்டிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. அயலீன் கிறே என்னும் பெண் 1926-29 காலப்பகுதியிலே தென்பிரான்சின் கடற்கரையில் ஒரு கோடைகால இல்லத்தை அமைத்தார். பின்னாளில் அதன் சுவர்களில் லெ கோபுசியே ஓவியங்களைத் தீட்டினார். ஆக்கியவரின் பெயர் நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. அவ்வில்லம் இன்று செப்பனிடப்பட்டுப் பலரும் சென்று காணும் நினைவுச்சின்னமாக விளங்குகின்றது.

மினற்றின் படைப்புகளுக்கோ அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. அவற்றுட் பல இடிக்கப்பட்டன, பல உருமாறின. 1998இல் அவர் மறைந்தார். அவர் வாழ்ந்து பணியாற்றிய கண்டி இல்லமும் சிதைவுற்றது. அரண்மனைகளையும் ஆலயங்களையும் பேணுதல் மட்டுமே வரலாற்றுணர்வு ஆகாது. சுதந்திர நாடொன்று எவ்வாறு வாழ விரும்பியது என்பதற்கு அக்கால வீடுகளே சாட்சியம். அவற்றை அளந்து, வரைந்து, பதிவுசெய்யும் பணியைப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளாவிடின், அச்சாட்சியம் நம் கண்முன்னேயே அழிந்தொழியும்.