காசி மலையின் குதிரைப் பாதை

காசி என்றவுடன் நம் மனம் கங்கைக் கரைக்குச் சென்றுவிடும். நாம் இங்குக் கூறப்போவது வேறு காசி. மேகாலய மாநிலத்தில், வடக்கே பிரமபுத்திரா பள்ளத்தாக்குக்கும் தெற்கே சுர்மா ஆற்றுச் சமவெளிக்கும் இடையே உயர்ந்து நிற்பவை காசி மலைகள். அங்கே மௌப்லாங் என்னும் ஊரிலிருந்து லாட் மௌப்லாங் வரை சுமார் 16 கிலோமீட்டர் நீளமுள்ள பழம்பாதை ஒன்று உண்டு. புல்வெளிகளையும் ஓடைகளையும், முன்னோர் நினைவாக நாட்டப்பெற்ற கற்களையும் கண்டவாறே அதில் நடக்கலாம். அமைதியை நாடி இன்று பலரும் நடக்கும் இவ்வழி, ஒரு காலத்தில் போருக்கே காரணமாயிற்று.

1826-ல் யாண்டபோ உடன்படிக்கையால் அஸ்ஸாம் ஆங்கிலேயர் வசமாயிற்று. சில்ஹெட் முன்னரே அவர்களிடம் இருந்தது. இவ்விரண்டையும் இணைக்க, மலைகளின் ஊடே குதிரைப் பாதை ஒன்று வேண்டுமென டேவிட் ஸ்காட் என்னும் அதிகாரி விரும்பினார். நோங்க்லாவ் நாட்டுத் தலைவர் திரோத் சிங்கின் இசைவை நாடினார். காசி மக்களிடையே சியெம் எனப்படும் தலைவர் தம் விருப்பம்போல் ஆணையிட இயலாது. தர்பார் கூட வேண்டும். கூடிற்று, வாதப் பிரதிவாதங்களுக்குப் பின்னரே இசைவு தந்தது.

அவர்கள் இசைந்தது வழிவிடுவதற்கே, நாட்டை ஒப்படைப்பதற்கன்று. பாதையைத் தொடர்ந்து வரியும் வரும் என்ற பேச்சுப் பரவியபோது நம்பிக்கை தகர்ந்தது. 1829 ஏப்ரல் 4-ஆம் நாள் நோங்க்லாவில் தாக்குதல் நிகழ்ந்தது. ஆங்கில அதிகாரிகள் இருவர் மாண்டனர். அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மலைமக்கள் போராடினர். ஸ்காட் 1831-லேயே காலமானார். 1833 ஜனவரியில் சரணடைந்த திரோத் சிங், டாக்காவில் காவலில் இருந்தபடியே 1835-ல் மறைந்தார்.

பாதைக்கு ஸ்காட்டின் பெயரே நிலைத்துவிட்டது. ஆயினும் மேகாலய மக்கள் ஆண்டுதோறும் ஜூலை 17-ஆம் நாள் திரோத் சிங்கின் நினைவைப் போற்றுகின்றனர்.

மௌப்லாங்கில் தெய்வத்துக்கென விடப்பட்ட சோலை ஒன்று உண்டு. அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துச் செல்லலாகாது என்பது வழிவழி வந்த விதி. உள்ளே வருவோரை அவ்விதி தடுப்பதில்லை. வந்தவர் எதையும் தமதாக்கிக்கொள்ளலாகாது என்றே கூறுகிறது. அன்று தர்பார் அளித்த இசைவின் பொருளும் இதுவே அன்றோ? இதை உணர்ந்து நடப்போமாயின், அம்மலை நம்மையும் இன்முகத்துடன் வரவேற்கும்.